சுவிட்சைப் போட்டால் ட்ரிப் ஆவது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய பழைய தாமான் ஒன்றில் குடியிருக்கிறோம். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசிய கையோடு, ஹாலில் இருந்த குழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி சீலிங் விளக்கு ஒன்றை மகன் மாட்டினான். சீலிங்கிலிருந்து வந்த மூன்று சிவப்பு வயர்களை ஒன்றாகவும், மூன்று கறுப்பு வயர்களை ஒன்றாகவும் முறுக்கி, விளக்கின் இரண்டு முனைகளிலும் இணைத்ததாகச் சொல்கிறான். இப்போது சுவிட்ச் அணைந்திருக்கும்போதே விளக்கு எரிகிறது. சுவிட்சைப் போட்டால் ட்ரிப் ஆகிறது. புது விளக்கு பழுதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: விளக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பழுது இணைப்பில் இருக்கிறது. நீங்கள் எழுதியுள்ள இரண்டு அறிகுறிகளும் ஒரே தவற்றைத்தான் காட்டுகின்றன: அந்த மூன்று கறுப்பு வயர்களில் ஒன்று நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) அன்று.

பழைய வீடுகள் பலவற்றில் மின்சாரம் முதலில் சீலிங்கில் உள்ள விளக்கு முனைக்கு வந்து, அங்கிருந்து ஒரு கேபிள் அடுத்த அறை விளக்குக்கும் இன்னொன்று சுவிட்சுக்கும் போகும். சுவிட்சுக்கு இறங்கும் கேபிளில், சிவப்பு வயர் மின்சாரத்தைக் கீழே கொண்டுபோக, கறுப்பு வயர் அதைச் சுவிட்ச் வழியாக மேலே விளக்குக்குக் கொண்டுவருகிறது. ஆகவே நிறம் கறுப்பானாலும் சுவிட்ச் போட்டிருக்கும்போது அது லைவ், அதாவது மின்சாரம் ஏறிய வயர். அதன் நுனியில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வைப்பதுதான் முறை. பலர் சுற்றுவதில்லை, சுற்றிய இடத்திலும் பழைய விளக்கின் சூட்டில் டேப் காய்ந்து உதிர்ந்திருக்கும். மகன் அதையும் நியூட்ரல்களோடு முறுக்கிவிட்டதால், விளக்கு சுவிட்சைக் கேட்காமலேயே எரிகிறது. சுவிட்சைப் போட்டதும் லைவும் நியூட்ரலும் நேரடியாகச் சேர்ந்து ஷார்ட் ஆகி, மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழுகிறது. அது விழுவதால்தான் வயர் தீய்ந்துபோகாமல் இருக்கிறது. ஆகவே திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை மட்டும் அணைப்பதால் பயனில்லை, சீலிங்கில் லைவ் எப்போதும் நிற்கிறது. மின்சாரம் இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்து, விளக்கைக் கழற்றி, எல்லா வயர்களையும் பிரித்தபின், மீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு கேபிளின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே பார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஒலித்து, அணைத்தால் நின்றுவிடும் கேபிள் எதுவோ, அதுவே சுவிட்ச் கேபிள். அதன் கறுப்பில் சிவப்பு டேப் சுற்றி, விளக்கின் 'எல்' (லைவ்) முனையில் இணைக்க வேண்டும். மற்ற இரண்டு கறுப்புகளும் 'என்' (நியூட்ரல்) முனைக்குப் போகும். மூன்று சிவப்புகளும் தனிக் கனெக்டரில் ஒன்றாக இருக்கும். அந்தச் சிவப்புகள் விளக்கைத் தொடவே கூடாது. அவற்றில் ஒன்று விடுபட்டால் பின்னறைகளில் விளக்கு எரியாது, அல்லது இந்தச் சுவிட்சே வேலை செய்யாது. முறுக்கி டேப் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிட்டுத் திருகாணிக் கனெக்டரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதன் விலை சில வெள்ளிதான்.

விழுவது எம்சிபி அல்லாமல், பக்கத்தில் 'டெஸ்ட்' பொத்தானோடு இருக்கும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) என்றால் கதை வேறு: எங்கேயோ எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது, அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. அதையும், வயரின் உறை தொட்டாலே உடைகிறது என்றால் அதையும், மகனிடம் விடாமல் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனிடம் ஒப்படைப்பதே சரி.

விளக்கின் உடல் உலோகமா என்றும் பாருங்கள். உலோகமானால் பச்சை எர்த் வயரை அதன் உடலில் கட்டாயம் இணைக்க வேண்டும். உங்கள் சீலிங்கில் பச்சை வயரே இல்லை என்றால், சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட, எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு விளக்கையே மாட்டுங்கள்.