நீல விளக்கும் இளவெயிலும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூன்றாம் நாள் உடம்பில் மஞ்சள் தெரிகிறது என்று சொல்லி நீல விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள். கண்ணைக் கட்டி, வெறும் டயப்பரோடு படுத்திருக்கிறாள். பார்க்கவே முடியவில்லை. அது புற ஊதாக் கதிரா? என் மாமியார், "விளக்கெல்லாம் எதுக்கு, காலையில இளவெயில் காட்டினா போதும்" என்கிறார். காலில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் கருவி கறுத்த தோலில் தப்பாகக் காட்டும் என்றும் செய்தியில் படித்தேன். குழந்தை நல்ல கறுப்பு, என் அப்பா மாதிரி. நீங்கள் ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்பவர், சமீபத்தில் அப்பாவானவர். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

வாழ்த்துகள். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: அது புற ஊதா இல்லை. புற ஊதா என்பது அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது. குழந்தைமேல் விழுவது 460 முதல் 490 வரையிலான நீல ஒளி. கண்ணைக் கட்டுவது அந்தப் பிரகாசம் விழித்திரையைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக. என் மகளும் பிறந்த வாரத்தில் இதே விளக்கின் கீழ்தான் கிடந்தாள். அலைநீளமெல்லாம் தெரிந்திருந்தாலும் கட்டிய கண்ணைப் பார்க்கும்போது மனசு கேட்காது என்பது எனக்கும் தெரியும்.

அந்த ஒளி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பச்சைக் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. பிலிருபினை மாற்றி வெளியேற்றவேண்டிய கல்லீரலோ இன்னும் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. அதனால்தான் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் மஞ்சள் தெரிகிறது.

பிலிருபின் மூலக்கூறு மூடிய கைபோல மடங்கியிருக்கும். தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகள் உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அளவு மிகவும் ஏறினால் மூளைக்குள் போய்த் தங்கிவிடும். பயப்படவேண்டியது இதற்குத்தான். நீல ஒளியின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், பட்டதும் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்கிறது. பிடி விடுகிறது. தண்ணீரில் கரையும் வடிவமாகிவிடுகிறது, கல்லீரலின் தயவு இல்லாமலே பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியே போகிறது. விளக்கின் கீழ் இருக்கும்போது குழந்தைக்கு மலம் இளகி, பச்சையாகப் போனால் கலங்க வேண்டாம், அது வழக்கம்தான். என் மகளின் டயப்பரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

இப்போது உங்கள் மாமியார் சொன்னது. அதை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் இந்த வைத்தியமே வெயிலில்தான் தொடங்கியது. 1956-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ராக்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது, துணியின் முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தது. அப்புறம் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ஒரு சோதனைக்குழாயின் இரத்த மாதிரியிலும் பிலிருபின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ரிச்சர்ட் க்ரீமரும் சகாக்களும் 1958-ல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். கவனித்துப் பார்த்த ஒரு செவிலியரால் தொடங்கியது இது. அவர் பெயரை எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் வெயிலில் நீலத்தோடு புற ஊதாவும் வெப்பமும் சேர்ந்து வருகிறது. எவ்வளவு ஒளி விழுந்தது என்ற கணக்கும் கிடையாது. பிலிருபின் ராத்திரியிலும் ஏறும், வெயில் ராத்திரியில் இருக்காது. நைஜீரியாவின் லாகோஸில் வெயிலையே வைத்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள், 2015-ல் முடிவு வெளியானது. வழக்கமான விளக்குக்கு அது குறைந்ததாக இல்லை. ஆனால் அங்கே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வடிகட்டும் படலத்தால் பந்தல் போட்டு, குழந்தையின் உடல் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து செய்தார்கள். மொட்டைமாடி இளவெயில் அது இல்லை. மாமியாரிடம், "நீங்க சொன்ன வெயில்ல இருக்கிற நீலத்தை மட்டும் எடுத்துத்தான் விளக்கா வெச்சிருக்காங்க அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. காலில் மாட்டியிருக்கும் ஆக்சிமீட்டர் 660, 940 நானோமீட்டர் அளவில் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளிகளை அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கிறது. இந்த வழியைக் கண்டவர் ஜப்பானின் டக்குவோ அயோயாகி, 1974-ல். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் தோலின் நிறம் கணக்கில் அடிபட்டுப்போகவேண்டும். காகிதத்தில் அது சரி. ஆனால் கருவி சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று சோதித்து அமைக்க உயிருள்ள மனிதர்கள் வேண்டும், அதில்தான் குறை இருந்தது. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். அந்நாட்டின் 2013 வழிகாட்டுதல் 10 பேரிடம் சோதித்தால் போதும் என்றது, அதில் கறுத்த தோலுள்ளவர்கள் 2 பேர். 2025 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டுதலின் வரைவுதான் பல நிறத்தவரோடு 150 பேராவது வேண்டும் என்கிறது. கொரோனாவில் நம் ஊரில் எத்தனை வீடுகள் அந்தக் கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே ராத்திரியைக் கழித்தன! அதனால்தான் எனக்கு இதில் கோபம் வருகிறது. நம் தோலில் சோதிக்காத கருவியை நம் விரலில் மாட்டுவது நியாயம் இல்லை.

அதற்காக உங்கள் மகளின் காலில் இருப்பதைக் கழற்றச் சொல்லாதீர்கள். எண் இறங்குகிறதா என்று அதுதான் உடனே சொல்லும். அந்த எண்ணுக்கும் குழந்தையின் நிலைமைக்கும் பொருந்தவில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் கேளுங்கள், இரத்தத்திலேயே பார்க்க வழி இருக்கிறது.

மஞ்சளுக்கும் இதேதான். கறுத்த குழந்தையின் உடம்பில் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்கலாம், ஆனால் முடிவு இரத்தப் பரிசோதனையில்தான். குதிகாலில் குத்தும்போது அழுவாள், பரவாயில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது பிலிருபின் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கை நிறுத்தியபின் எப்போது திரும்பப் பார்க்கவேண்டும் என்றும் கேளுங்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ காலைவரை காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் மனைவியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். அவருக்கும் தூக்கம் வேண்டும், ராத்திரி ஒரு முறையாவது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.