கோன் வைத்துப் பார்ப்போமா? சைக்கிள் பாதை, நடைபாதைச் சோதனைகள்: கேள்வி பதில்

வணக்கம். பதினான்கு வருடமாகத் தெரு வடிவமைப்பு வேலை, அதில் பாதி நாள் நோட்டும் கையுமாக ரோட்டோரம் நின்று ஆள் எண்ணியதுதான். புதிதாகச் சைக்கிள் பாதையோ அகலமான பிளாட்பாரமோ கட்டுவதற்கு முன்னால் கோன், பேரிகேடு, பெயின்ட் வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கிறார்களே, அதைப் பற்றிக் கேளுங்கள். மெட்ரோ வேலை எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான்.

பெயர் வேண்டாம்: எங்கள் ஊர் மெயின் ரோட்டில் ஒரு ஓரமாகக் கோன் வைத்து 'சைக்கிள் பாதை' என்று எழுதினார்கள். பத்தாவது நாள் எடுத்துவிட்டார்கள். கேட்டால் 'தோல்வி' என்கிறார்கள். இதை எப்படி சார் முடிவு செய்கிறார்கள்?

மேடம். பரவாயில்லை, பழகிவிட்டது.

பெரும்பாலும் முடிவே செய்வதில்லை. யாரோ ஒருவர் போன் போடுகிறார், கோன் லாரியில் ஏறுகிறது. நான் அந்த ரோட்டைப் பார்க்கவில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன்: கோன் வைப்பதற்கு முந்தின வாரம் அங்கே யாராவது நின்று எண்ணினார்களா? எண்ணவில்லை என்றால் அது சோதனையே இல்லை, திறப்பு விழா. இன்று இதைப் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை மட்டும் எண்ணினால் போதாது. பிளாட்பாரம் இருந்தும் எத்தனை பேர் தார் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், எனக்குப் பிடித்த கணக்கு அதுதான். ஒரு ரோட்டின் லட்சணம் அதில் தெரிந்துவிடும். பெண்கள் எத்தனை, யூனிஃபார்மில் பிள்ளைகள் எத்தனை, சாலையைக் கடக்க ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், பஸ் அந்த நீளத்தைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, இதெல்லாம் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டும் எண்ணிக்கொண்டு வராதீர்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் 2014-ல் தொடங்கிய காரில்லா ஞாயிறு மாதிரியான காலைகள் எனக்கும் ரொம்பப் பிடிக்கும், பிள்ளைகள் நடுரோட்டில் ஸ்கேட்டிங் விடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும், ஆனால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த ரோடு என்ன ஆகும் என்று அது சொல்லாது.

அப்புறம் பத்து நாள் என்பது காணவே காணாது. முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும். இங்கிலாந்தில் இந்த மாதிரிச் சோதனை ஆணைகளை 18 மாதம் வரை வைத்திருக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி இருந்தும் லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020-ல் போட்ட தற்காலிகப் பாதையை இரண்டு மாதம்கூட விட்டுவைக்காமல் அந்த டிசம்பரிலேயே பிடுங்கிவிட்டார்கள். ஆகவே இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை.

ஸ்கார்பரோ தம்பி: அக்கா, டொரோன்டோ புளோர் ஸ்ட்ரீட் பாதையும் சோதனையாகத்தானே வந்தது? இப்போது அதையே எடுக்கப் போவதாகச் சண்டை நடக்கிறது.

ஆமாம் தம்பி, நான் பாடம் எடுக்கும்போது முதலில் காட்டுவது அதைத்தான். 2016 ஆகஸ்டில் சுமார் 2.4 கி.மீ. நீளத்துக்குப் போட்டார்கள். முன்னாலும் எண்ணினார்கள், பின்னாலும் எண்ணினார்கள். கார்களுக்குத் தாமதம் ஆனது உண்மை, யாரும் மறைக்கவில்லை. சிக்னல் நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள், தாமதம் குறைந்தது. சோதனை என்பதே இதற்குத்தான், திருகித் திருகிப் பார்க்க. கடைக்காரர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் தனித்தனியாக விசாரித்தார்கள். காரில் வருகிறவர்களைக் கடைக்காரர்கள் உள்ளதை விட அதிகமாக நினைத்திருந்தார்கள், வாடிக்கையாளர்களைக் கேட்டால் நடந்தும் சைக்கிளிலும் ரயிலிலும் வந்தவர்களே மிக அதிகம். 2017 நவம்பரில் நகர சபை நிரந்தரமாக்கியது.

2024-ல் ஒன்டாரியோ மாகாண அரசு புளோர், யங், யுனிவர்சிட்டி பாதைகளை எடுக்கச் சட்டம் போட்டது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது, எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆபத்துதான் கூடும் என்று. நீதிமன்றத்தில் பேச, பாதை வேண்டும் என்றவர்கள் கையில் கணக்கு இருந்தது. நம் பத்து நாள் கோனுக்கு என்ன கணக்கு இருக்கிறது?

தி.நகர் ஜவுளி: மேடம், வண்டி நிறுத்த இடம் எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும். பேசுவது சுலபம், கடை வைத்துப் பாருங்கள்.

கடை வைத்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு தப்பைச் சரி செய்துவிடுகிறேன். 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைவளாகத்தில் கார் போகக் கூடாது என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை, வண்டி இன்றும் ஓடுகிறது, ஓடும் அகலத்தைச் சுருக்கிப் பிளாட்பாரத்தை அகலமாக்கினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பயத்துக்கு மருந்து உங்கள் கல்லாவிலேயே இருக்கிறது. ஒரு வாரம் பில் போடும் பையனிடம் சொல்லி, வருகிறவர்களிடம் 'எதில் வந்தீர்கள்' என்று கேட்டு பில் புக் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நூறு பேர் போதும். கணக்கு உங்கள் பக்கம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடுங்கள், நானே கூட வருகிறேன்.

என் அனுபவத்தில் கடைக்காரருக்கு நிஜமாக அடி விழுவது பார்க்கிங்கில் இல்லை, சரக்கு இறக்குவதில். பேல் வருகிற வேன் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் எந்தச் சோதனைக்கும் தலையாட்டாதீர்கள். இதை யாரும் உங்களிடம் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

மயிலாப்பூர் மாமா: நம்ம வெயிலுக்கு யார் சைக்கிள் ஓட்டுவார்கள்?

ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயம், வீட்டுத்தொழில் நீங்கலாக வேலைக்குப் போகிறவர்களில் சைக்கிளில் போனவர்கள் சுமார் 13 சதவீதம், மோட்டார் சைக்கிள் வகையறாவும் கிட்டத்தட்ட அவ்வளவே. கட்டட வேலைக்குத் தூக்குச்சட்டியோடு போகிறவர், வாட்ச்மேன், அரசு கொடுத்த சைக்கிளில் போகிற பிளஸ் ஒன் பிள்ளை. நாம் ஏசி காரிலிருந்து பார்ப்பதால் கண்ணில் படுவதில்லை.

மதுரை வடக்குமாசி: சிக்னலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடக்க முடியவில்லை. பாதி ரோட்டில் பச்சை போய்விடுகிறது. சைக்கிள் பாதை எல்லாம் அப்புறம், இதற்கு வழி சொல்லுங்கள்.

சைக்கிளை விட எனக்கு முக்கியமான கேள்வி இது. கணக்கு ரொம்பச் சின்னது. சிக்னல் நேரம் போடுகிறவர்கள் ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆறு லேன் என்றால் 21 மீட்டர், பதினேழு பதினெட்டு நொடி. உங்கள் அம்மா முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் நடந்தால் 26 நொடி. அந்த எட்டு நொடியில்தான் பஸ் ஹாரன் அடிக்கிறது.

இரண்டு வழி. ஒன்று நேரத்தைக் கூட்டுவது, அதற்குப் போக்குவரத்துப் போலீசில் மனு கொடுங்கள், மொபைலில் ஸ்டாப் வாட்ச் வைத்து எடுத்த வீடியோவோடு. இரண்டாவது தூரத்தைக் குறைப்பது, சோதனை இங்கேதான் கைகொடுக்கும். முனையில் இருக்கிற 'ஃப்ரீ லெஃப்ட்' வளைவை மணல்மூட்டையும் கோனும் வைத்து மூடி, பிளாட்பார முனையை ரோட்டுக்குள் நீட்டிவிட்டால், கடக்க வேண்டிய தூரத்தில் ஐந்தாறு மீட்டர் போய்விடும். திரும்புகிற வண்டியும் வேகம் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு ராத்திரி வேலை. பெரிய பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று ஒரு நிஜ பஸ்ஸை வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இதைச் சொல்லக் காரணம், நான் வேலை பார்த்த ஒரு ஊரில் பார்க்காமல் வைத்தோம். காலை ஆறு மணிக்கு முதல் பஸ்ஸே மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. ஒரு கோன் பிறகு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் விற்பனைப் பலகைக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட் தமிழன்: பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் போட்ட சைக்கிள் பாதை என்ன ஆனது பார்த்தீர்கள்தானே?

பார்த்தேன். 2020-ல் போட்டார்கள், ஸ்பிரிங் போஸ்ட் வரிசை, நல்ல நோக்கம். பைக்குகள் உள்ளே வந்தன, போஸ்ட் உடைந்தது, பிறகு மெட்ரோ வேலை வந்து பாக்கியையும் விழுங்கியது. வேகமாக வண்டி ஓடுகிற ரோட்டில் பிளாஸ்டிக் குச்சி காவல் இல்லை, கோடு இன்னும் கேவலம். அந்த ஊரிலேயே அதே 2020 நவம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டை வார இறுதியில் வண்டியில்லாமல் விட்டுப் பார்த்தார்கள், காற்றின் தரத்தையும் அளந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. அளந்தார்கள், பாருங்கள்.

வெயில்: இந்த வெயிலில் சைக்கிளா?

மேலே மாமாவுக்குச் சொன்னது.

சக்கர நாற்காலி, அண்ணா நகர்: புதுப் பிளாட்பாரம் அழகாக இருக்கிறது, நுழைவில் எஃகு பொல்லார்டு (குட்டைத் தூண்) நட்டு வைத்திருக்கிறார்கள். என் நாற்காலி உள்ளே போகாது. கேட்டால் பைக்காரர்களைத் தடுக்க என்கிறார்கள்.

உங்களைத்தான் தடுத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி போக 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். பைக் ஹேண்டில்பாரின் அகலம் 70, 80 செ.மீ. நீங்கள் போகிற இடைவெளியில் பைக்கும் போகும், பைக் போகாத இடைவெளியில் நீங்களும் போக முடியாது. இதை எந்தப் பொல்லார்டாலும் தீர்க்க முடியாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் வரும் உரிமை, அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றது. மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ரிட்டயர்டு: அப்படியானால் பைக்காரன் என் காலில் ஏற்றட்டும் என்கிறீர்களா?

இல்லை ஐயா.

டெலிவரி பையன்: நானே சொல்கிறேன் அக்கா, நான் பிளாட்பாரத்தில் ஏறுகிறவன்தான். யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஆர்டர் எதிர்ப்பக்கக் கடையில். நாற்பது மீட்டர் ஏறினால் முடிந்தது. ஆப் எனக்கு நிமிடம்தான் கொடுக்கிறது, கிலோமீட்டர் கொடுப்பதில்லை.

ரிட்டயர்டு: அதற்காக? உன் அம்மா அங்கே நடந்தால்?

டெலிவரி பையன்: என் அம்மா பூ விற்பதே பிளாட்பாரத்தில்தான் ஐயா.

அடையாறு ஓட்டக்காரர்: ஆணிப் பட்டை போடுங்கள், ஒரே நாளில் அடங்குவார்கள்.

ஆணி வேண்டாம். பிள்ளை விழும், நாய் மிதிக்கும். சொன்னவரே ஒரு நாள் செருப்பறுந்து வெறுங்காலோடு நடப்பார்.

தம்பி, நீ செய்வது தப்பு, காரணம் சொன்னது சரி. ஒரு சந்திப்பில் நான் பிளாட்பாரத்தில் ஏறும் பைக்குகளை எண்ணினேன், ஏறக்குறைய எல்லாம் ஒரே திசையில் போயின. எதிர்த்திசையில் ஒன்றிரண்டுதான். ஒழுக்கம் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் மட்டும் போவார்களா? யூ டர்னைத் தூரமாக வைத்ததுதான் அவர்களை ஏற்றிவிட்டது. அங்கே நடுவில் சிக்னலோடு ஒரு கடவை விட்டால் நடப்பவருக்கும் ஆகும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் ஆகும்.

ரிட்டயர்டு: தள்ளுவானாம்! ஃபைன் போட்டால் தானாகத் திருந்துவான்.

போலீஸ் நிற்கும் வரை திருந்துவான், அவர் டீ குடிக்கப் போனதும் ஏறுவான்.

டெலிவரி பையன்: ஃபைனும் கட்டியிருக்கிறேன் ஐயா. ஒரு நாள் சம்பளம்.

ரிட்டயர்டு: சரி, அதே கடவையில் எனக்கு உட்கார ஒரு பெஞ்சும் போடச் சொல்லுங்கள்.

எழுதிக்கொண்டேன். இதோடு இந்தச் சண்டையை நிறுத்துங்கள், கீழே பலர் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி எண் போடாதவர்: பூக்காரம்மா, தள்ளுவண்டி எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்த வேண்டாமா?

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் படியுங்கள். கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் குறிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. ராத்திரி ஏழு மணிக்குப் பூக்கடை விளக்கு இருக்கிற பிளாட்பாரத்தில்தான் பெண்கள் நடக்கிறார்கள், அதையும் எண்ணிப் பாருங்கள்.

வேளச்சேரி: மழைநீர் வடிகால் பற்றி?

என் துறை இல்லை. வடிகால் மூடியின் மேலேயே பிளாட்பாரம் கட்டுவதால் அது இடுப்பளவு ஏறி, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, பாட்டிமார் ரோட்டில் நடக்கிறார்கள் என்பது வரைதான் எனக்குத் தெரியும். தண்ணீரைப் பற்றி ஒரு ஹைட்ராலஜிஸ்டைக் கேளுங்கள்.

கொள்கை: சென்னைக்கு இதற்கெல்லாம் கொள்கை ஏதாவது உண்டா?

2014-லேயே மாநகராட்சி மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றாயிற்று. காகிதத்துக்குக் குறைவில்லை.

துபாய் வாசி: இங்கேயும் வெயில், நம்ம ஊர் வெயிலில் சைக்கிள் எல்லாம்...

மாமாவுக்குச் சொன்னது. மூன்றாவது தடவை. மரம் வையுங்கள்.

கல்லூரி மாணவி: எங்கள் கல்லூரி வாசல் ரோட்டில் நாங்களே எண்ணலாமா? ஆப் ஏதாவது இருக்கிறதா மேடம்?

தாராளமாக. ஆப் வேண்டாம், பாதியில் சார்ஜ் போய்விடும். கோடு போட்ட நோட்டு, நான்கு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். இரண்டு பேராக நில்லுங்கள், ஒருத்தி பிளாட்பாரம், ஒருத்தி தார் ரோடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோட்டில் புதுப் பக்கத்துக்கு மாறுங்கள். செவ்வாய் அல்லது புதன் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்த நாள் வேண்டாம். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள், இந்த வெயிலில்... சரி, நானே சொல்லிவிட்டேன்.