மேலதிகப் பாடம் ஹட்டனிலா, தோட்டப் பள்ளிக்கூடத்திலா? கேள்வி பதில்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில், ஆரம்பப் பிரிவில் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மேலதிகப் பாடம் எங்கே நடக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்: சேர், மகள் தரம் 3. டீச்சர் போர்டில் எழுதும்போதே கணக்கைச் செய்துவிடுகிறாள். ஹட்டன் டவுனில் மேலதிகப் பாடத்துக்குச் சேர்த்துவிடவா?

இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. நீங்கள் பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் வேலை பிரிக்கிற இடத்துக்கு) போகிற நேரத்தில் பிள்ளையை யார் பஸ் ஏற்றுவது? அத்தனை வளைவும் சுற்றிப் போய் வந்தால், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாயங்காலம் சாப்பிடக்கூடத் தெம்பிருக்காது. அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: கணக்குப் பாடத்துக்கு மட்டும் தரம் 4இல் உட்காரலாமா என்று. தரம் 3, 4 இரண்டும் ஆரம்பக் கல்வியில் ஒரே கட்டம், முதன்மை நிலை 2தான், பெரிய சிக்கல் வராது. மற்றப் பாடங்களுக்குத் தன் கூட்டாளிகளோடு இருக்கட்டும்.

தலவாக்கலை ஆசிரியை: எனக்கு ஒரே அறையில் இரண்டு வகுப்பு. மேலதிகப் பாடத்துக்கு நேரம் ஏது?

பயிற்சியில் கஷ்டமான கடைசி ஐந்து கணக்கை முதலில் கொடுங்கள் டீச்சர். சரியாகச் செய்தவருக்கு மிச்சம் வேண்டாம். அந்த நேரத்தில் கொழுந்து நிறை, கிலோக் காசு, சம்பளத்தில் வெட்டுகிற கழிவுகள் இவற்றை வைத்துப் புதுக்கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையைத் தினமும் 'சின்ன டீச்சர்' ஆக்கி மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள். உங்களுக்கு உதவிதான், அவளுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

பதுளை மாவட்ட அதிபர்: கல்வி வலயத்துக்கு ஒரு பள்ளியைத் தெரிந்து அங்கே நடத்தினால் வளங்கள் வீணாகாதே?

இலவசக் கல்வி கொண்டுவந்த அமைச்சர் கன்னங்கரா காலத்து மத்திய கல்லூரிகளை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு. விடுதியில் தங்கக்கூடிய வயது அது. எட்டு வயதுக்கு அதையே செய்தால், பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவரும் வேன் பிடிக்க வசதியுள்ளவரும்தான் இடத்தை நிரப்புவார்கள். தோட்டத்தின் தூரத்து மேல் டிவிஷனில் இருக்கிற பிள்ளை பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் புளோரிடாவின் புரோவார்ட் மாவட்டத்தில் ஒரு விதி இருந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் மீத்திறன் பிள்ளை (சோதனையில் மிகக் கெட்டிக்காரர் என்று தெரிந்தவர்) ஒருவர் இருந்தாலும் அந்தப் பள்ளியிலேயே தனி வகுப்பு திறக்க வேண்டும்; மிச்ச இடங்களை அங்கேயே நன்றாகப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதை ஆராய்ந்தபோது, அப்படி இடம் பெற்ற கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். வெளியே இருந்த பிள்ளைகளுக்குப் பாதிப்பும் தெரியவில்லை.

நம் சின்னப் பள்ளிகளில் தனி வகுப்பு நடக்காது, சரி. பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக ஓர் ஆசிரியரை வாரம் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பலாமே. ஒருவருடைய பஸ் காசோடு போய்விடும்.

ஹட்டன் கடைக்காரர்: மூன்றாம் வகுப்பிலேயே, ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு டியூசன் தொடங்கிவிட்டோம். அதுவே மேலதிகப் பாடம் இல்லையா?

இல்லை அண்ணன். அது 200 புள்ளிப் பரீட்சைக்கான பழக்கம். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்ட உதவலாம். மாதிரி வினாத்தாளைத் திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு பிள்ளையின் ஆர்வம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

நுவரெலியாவில் ஆசிரியர் பயிற்சி பெறும் தம்பி: பிள்ளைகளை யார் தெரிவு செய்வது? வகுப்பாசிரியர் போதாதா?

போதாது தம்பி. பேசுகிற பிள்ளை கண்ணில் படும், கடைசி வாங்கில் பேசாமல் இருப்பது படாது. அதே புரோவார்டில் முதலில் பெற்றோரும் ஆசிரியரும் சொன்னவர்களைத்தான் சோதித்தார்கள். 2005 முதல் இரண்டாம் வகுப்பில் எல்லாரையும் சோதித்தபோது, ஏழைப் பிள்ளைகள் முன்னைவிட மிக அதிகமாகத் தெரிவானார்கள். பணமில்லை என்று நிறுத்தியதும் பழைய நிலைக்கே போய்விட்டது.

தரம் 3இல் எல்லாருக்கும் வையுங்கள், சொற்கள் இல்லாத உருவ வினாக்களாக. தரம் 4இல் மறுபடி ஒருமுறை. நாள் குறிக்கும்போது மட்டும் கவனம்: கொழுந்து கூடின காலத்தில் தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்படுகிற பிள்ளைகள் உண்டு. அன்று வராதவர்களுக்கு அடுத்த வாரம் திரும்ப வையுங்கள்.