காது நாறுவது ஜாதிக் குணமல்ல

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. 14 மாத பிளட்ஹவுண்ட் வளர்க்கிறோம். நாலைந்து மாதமாக இரண்டு காதும் நாறுகின்றன. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் நிற்கிறது, பிறகு பழையபடி. நாயை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட், "மோப்ப நாய்க்குக் காது அப்படித்தான், வேப்பெண்ணெய் விடுங்கள். கேட்கவில்லை என்றால் காதைக் கொஞ்சம் வெட்டிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வெட்ட வேண்டாம், அது சட்டப்படியும் குற்றம். எண்ணெய் வேண்டாம். அந்தச் சொட்டு மருந்தையும் இன்றோடு நிறுத்துங்கள்.

நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, அப்புறம் உள்ளே திரும்புகிறது. அதன்மேல் பிளட்ஹவுண்டின் ஒரு சாணுக்கு மேல் நீண்ட காது போர்வை போல மூடிக் கிடக்கும். தண்ணீர் குடித்தால் நனையும், மோந்துகொண்டே போனால் மண்ணில் புரளும். அந்தப் புழுக்கத்தில் ஈஸ்ட் பூஞ்சை பெருகுகிறது. புளித்துப்போன மாவு மாதிரி வாடை வந்தால் பெரும்பாலும் அதுதான்.

கடைச் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், நீங்கள் நிறுத்துவீர்கள், கிருமி மிச்சம் இருக்கும். இப்படியே ஓட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் கடைசியில் தங்கும். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து செவித்திறனையே கெடுக்கலாம். தலையைச் சாய்த்தபடி தள்ளாடுகிறதா என்று பாருங்கள்.

காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்து, அழுக்கை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் மாட்டாஸ்பத்திரி வரிசையில் சினைப் பசுவும் ஆடும் போன பிறகுதான் நாய்க்கு முறை. காதையே பார்க்காமல் எழுதிக் கொடுத்த சீட்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஸ்லைடு பார்க்கிற மருத்துவர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் வேலை கெடும், கெடட்டும்.

அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூருவிலிருந்து குட்டியைக் கூடையில் கொண்டுவந்து ஓசூர் ரோட்டோரத்தில் கைமாற்றிவிட்டு, "கேசிஐ பேப்பர் (இந்திய கென்னல் கிளப் தரும் ஜாதிச் சான்று) பின்னாடி வரும்" என்று சொல்கிற ஆள்தானே? வராது. 2017 விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2 மாதம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் இல்லாமலும் கூடாது. விதி ஏட்டில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. திரும்பத் திரும்ப வரும் காதுநோய்க்குப் பின்னால் ஒவ்வாமை இருப்பது சகஜம். அது பரம்பரையாகவும் வரும். அதனால் அடுத்த குட்டி வாங்கும்போது தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், அதன் காதைத் தூக்கி மோந்து பாருங்கள். தாயைக் காட்டாதவனிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

குணமான பிறகு வாரம் ஒரு முறை நாய்க்கான காது கிளீனரைக் குழாய் நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியைச் சளக் சளக்கென்று சத்தம் வரும்வரை பிசையுங்கள். நாய் தலையை உதறும். உங்கள் சட்டை போகும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும், பட்ஸ் உள்ளே போகக் கூடாது. தண்ணீருக்கு வாய் குறுகலான, ஆழமான பாத்திரம் வையுங்கள். காதுகள் வெளியே தொங்கும்.

நான் சொன்னதெல்லாம் இரண்டு காதும் நாறும் நாய்க்கு. ஒரு காது மட்டும், அதுவும் திடீரென்று என்றால் கதையே வேறு. மாந்தோப்பு என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். மழை முடிந்து ஊசிப்புல் காய்ந்து நிற்கும்போது நாய் உள்ளே புகுந்து வந்து, உடனே ஒரு பக்கமாகத் தலையை உதறி அழுகிறதா? புல்லின் முள் காதில் இறங்கியிருக்கலாம், உண்ணியாகவும் இருக்கலாம். முள்ளின் நுனி அம்பு மாதிரி. முன்னால்தான் போகும், பின்னால் வராது. கிளீனர் ஊற்றாதீர்கள், இடுக்கி வைத்து நோண்டாதீர்கள். உதறி உதறிக் காது மடலில் ரத்தம் கட்டி பலூன் போல உப்புவதற்குள், அன்றைக்கே மயக்க மருந்து கொடுத்து எடுக்கக்கூடிய மருத்துவரிடம் போய்விடுங்கள்.