கயிறு தளரும் கணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தியூர் குதிரைச் சந்தையில் வாங்கிய இரண்டு வயது மட்டக்குதிரையை என் மகள் ஏறுவதற்காகப் பழக்கி வருகிறேன். நடத்திச் செல்ல முயன்றால் நின்றுவிடுகிறது. முன்னால் நின்று இழுத்தால் தலையை உதறுகிறது. பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிடுகிறேன். சாட்டை இல்லாமல் இந்த முரடு படியாது என்கிறார் பழக்குபவர். குதிரைக்கு உண்மையில் அறிவு உண்டா? எந்த லகான் வாங்கலாம்?

க.

அன்புள்ள க.,

லகான் இப்போது வேண்டாம். குதிரையின் முதுகெலும்பு முழுமையாக முதிர ஐந்து வயது தாண்ட வேண்டும். அதுவரை மகளின் ஆசை பொறுத்திருக்கட்டும்.

அறிவு உண்டா என்கிறீர்கள். தலையை உதறினால் கயிறு விடுபடும் என்று நீங்களே அதற்குக் கற்பித்திருக்கிறீர்கள், அதுவும் பிழையில்லாமல் கற்றிருக்கிறது. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யும் குட்டியைப் பழக்குபவர் முரடு என்று ஏச, கேட்டுக்கொண்டிருக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சில காலமாக ஹான்ஸ் என்ற குதிரையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்குப் பல ஆண்டுகள் கணக்குக் கற்பித்தார். அது குளம்பைத் தட்டி விடை சொல்ல, 1904இல் அறிஞர் குழுவே வந்து பார்த்து ஏமாற்று ஏதுமில்லை என்றது. ஆஸ்கர் ஃப்ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர்தான் பிறகு உண்மையைக் கண்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் அதன் கண்ணில் படாதபோதும் ஹான்ஸ் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தம்மையறியாமல் மயிரிழை அளவு நிமிர, அதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்குத் தெரியாத குதிரை என்று ஊர் சிரித்தது; அவ்வளவு நுட்பமாக மனிதரைப் படித்த உயிரைப் பார்த்துச் சிரித்தவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

உங்கள் குட்டியும் உங்களை அப்படித்தான் படிக்கிறது. கயிற்றின் இறுக்கம் அதற்கு ஒரு கேள்வி. இறுக்கம் எந்தக் கணத்தில் தளர்கிறதோ, அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே அது விடையாகக் கொள்ளும். சில நொடிகள் தாமதித்துத் தளர்த்தினால், அதற்குள் அது வேறெதையோ செய்யத் தொடங்கியிருக்கும், அதையே கற்கும். உதகை ஏரிக்கரையில் ஒரு பெரியவர் குட்டியொன்றைப் பழக்குவதை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். கயிற்றை மெல்ல இறுக்கி, கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே நிற்பார். குட்டியின் உடற்பாரம் முன்பக்கம் சாய்ந்ததுமே, குளம்பு தரையை விட்டு எழும் முன்பே, தளர்த்திவிடுவார். பிறகு சும்மா நிற்பார். அதை அவசரப்படுத்தும் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

நீங்களோ நேர் எதிரே நின்று இழுக்கிறீர்கள். நெற்றிக்கு நேர்முன்னே மிக அருகில் உள்ளது குதிரைக்குத் தெரியாது. அதன் தோளருகே நில்லுங்கள். அது உதறும்போது இறுக்கத்தை ஏற்றவும் வேண்டாம், விடவும் வேண்டாம். உதறல் நின்று பாரம் முன்னால் நகரும்வரை பொறுங்கள். சாட்டை அடிக்கு இப்படித் துல்லியமாகத் தளரும் கணம் ஏது? அடிப்பவரைக் கண்டால் விலகி ஓட வேண்டும் என்பதைத் தவிர அதிலிருந்து குட்டி வேறெதையும் கற்காது.

பழக்குபவருக்குத் தர வேண்டியதைத் தந்து அனுப்பிவிடுங்கள். உங்கள் கை பழகிய பின், நீங்கள் உடன் நிற்க, கயிற்றை மகளிடம் கொடுங்கள்.