என் சின்சில்லாவின் நிறை 480 கிராம்தான். இது குறைவா? எப்படிக் கூட்டுவது?

உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். 14 மாதம் நிரம்பிய ஆண் சின்சில்லா, நிறை 480 கிராம். தோழி வீட்டில் இருப்பது 720 கிராம். உலர்திராட்சையும் வேர்க்கடலையும் கொடுத்து ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திராட்சையையும் கடலையையும் இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் மிருக வைத்தியன் அல்லன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். இங்கே எழுதுவதெல்லாம் ஒரு சின்சில்லாவை (தென் அமெரிக்க மலையிலிருந்து வந்த, அடர்ந்த மயிருள்ள கொறிக்கும் பிராணி) வளர்த்து, அதைச் சரியாகக் கவனிக்கத் தவறி, பிறகு கவனிக்கக் கற்றுக்கொண்டவனின் அனுபவம். படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

வளர்ந்த சின்சில்லா 400 முதல் 600 கிராம் வரை இருக்கும் என்று நீங்கள் வாசித்திருப்பீர்கள். பெண் பொதுவாக ஆணைவிடப் பெரியது. 700, 800 கிராம் உள்ளவையும் வீடுகளில் உண்டு. இந்தப் பெரிய உடல் வந்த கதை நல்ல கதை இல்லை. 1923இல் சப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று வீடுகளில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை என்கிறார்கள். அவர் கொண்டுவந்தது செல்லமாக வளர்க்க அன்று, தோலுக்காக. உடல் பெரிதானால் தோலும் பெரிது. ஆகவே பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரியவற்றையே பெருக்கினார்கள். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில் இயற்கையாக வாழ்பவை பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. அங்கே இப்போது மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கின்றன.

உங்கள் தோழியின் சின்சில்லா பெரிய உடம்புக்காரி, உங்களுடையது சிறிய உடம்புக்காரன் என்று மட்டுமே இதிலிருந்து கொள்ளலாம். 480 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. போன மாதம் எவ்வளவு இருந்தது? அதற்கு முந்திய மாதம்? கேள்வியில் அது இல்லை. அது இல்லாததால்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்தவன் பெயர் முகில். சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. 2018இல் நாட்டைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து என் மகள் கேட்டு வாங்கினாள். அப்போது அவனுக்கு மூன்று வயது. முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் காட்டினோம். 612 கிராம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை நான் ஒரு கோப்பில் போட்டு மூடி வைத்தேன்.

வாங்கியவள் மகள் என்றாலும் அவனோடு அதிகம் இருந்தவன் நான். வேலை முடிந்து விடியற்காலை ஐந்து மணிக்கு வீடு வரும்போது எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவன் மட்டும் விழித்திருப்பான். இரவில் நடமாடும் பிராணி அல்லவா? நான் தேநீர் குடித்து முடிக்கும் வரை கூட்டின் மேல்தட்டில் உட்கார்ந்து, புல்லை ஒவ்வொரு தாளாக இரண்டு கையாலும் பிடித்துக் கடிப்பான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கு அவ்வளவு அமைதி தந்த நேரம் வேறு இல்லை.

2020 இலையுதிர் காலத்தில் என் அம்மா ஒருநாள் சொன்னார்: "தம்பி, இவன் இலேசாகிப் போனான். தூக்கினால் கையில் ஒன்றும் இல்லை."

அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஆடு வளர்த்தவர். தராசு இல்லாமலே குட்டியைத் தூக்கிப் பார்த்து இத்தனை இறாத்தல் என்று சொல்லுவார், சொன்னது பெரும்பாலும் பிழைத்ததில்லை. நான் கூட்டைப் பார்த்தேன். முகில் பஞ்சுப் பந்து போல உருண்டையாக இருந்தான். "நல்ல கொழுப்பாகத்தானே இருக்கிறான், அம்மா" என்றேன். இந்த ஒரு வசனத்துக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

சின்சில்லாவின் மயிர் அப்படிப்பட்டது. ஒரே துவாரத்திலிருந்து 50, 60 இழைகள் கிளம்பும். நிலத்தில் வாழும் விலங்குகளில் இவ்வளவு அடர்த்தி வேறு எதற்கும் கிடையாது. உள்ளே எலும்பு துருத்தினாலும் வெளியே பந்தாகவே தெரியும். போதாக்குறைக்கு, பிறவற்றுக்கு இரையாகும் பிராணி. வலியையும் நோயையும் கடைசி வரை மறைப்பது அதன் இயல்பு. கண்ணால் பார்த்து நிறையை அறியலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்த நவம்பரில் வருடாந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். பெருந்தொற்றுக் காலம். எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் கூட்டைக் கொடுத்துவிட்டு வாகனத்தில் காத்திருந்தேன். தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள்: "548 கிராம். நல்ல நிறை. அளவுக்குள் இருக்கிறது." நானும் மகிழ்ந்து பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

548 அளவுக்குள் இருப்பது உண்மை. ஆனால் அவன் 612 இருந்தவன். 64 கிராம் போயிருக்கிறது, நூற்றுக்குப் பத்துக்கு மேல். 70 கிலோ உள்ள ஒரு மனிதர் காரணமே இல்லாமல் 7 கிலோ மெலிந்து வந்தால் எந்த வைத்தியராவது "அளவுக்குள் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவாரா? பழைய தாள் என் கோப்பில், புதிய எண் அவர்கள் கணினியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் இருக்கவில்லை. மருத்துவமனையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தாள் என்னிடம்தான் இருந்தது.

அதன் பிறகும் அடையாளங்கள் வந்தன. புல்லை எடுப்பான், இரண்டு கடி கடித்துக் கீழே போடுவான். மென்மையான பெல்லட்டை (அரைத்து உருட்டிய தீவனம்) மட்டும் தேடுவான். அம்மா கூட்டின் தட்டைக் கழுவும்போது புழுக்கையை விரலில் எடுத்துக் காட்டினார்: முன்பு நெல்மணியைவிடப் பருமனாக இருந்தது, இப்போது சீரகம் போல. ஆட்டுக்காரர் கண் அது. பிறகு தாடையின் கீழே மயிர் ஈரமாக ஒட்டிக்கொண்டது. ஒரு கண்ணில் நீர் வடிந்தது. 2021 மார்ச்சில் வேறொரு வைத்தியரிடம் போனபோது 471 கிராம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்சில்லாவுக்கு 20 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டிருப்பவை. முன்பல் மட்டும் வளர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சரியாக உராய்ந்து தேயாவிட்டால் விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வேர்ப்பக்கமும் நீண்டு, கீழே தாடை எலும்பையும் மேலே கண்குழியையும் தள்ளும். கண்ணில் நீர் வந்தது அதனால்தான். முன்பற்கள் நல்ல செம்மஞ்சளாக, ஆரோக்கியமாகவே தெரிந்தன. வெளியே தெரிந்த ஒரே உண்மை நிறைதான், அதை நாங்கள் பார்க்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்துக் கூர்முனைகளை அராவினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, ஊசி இல்லாத சிரிஞ்சில் குழைத்த உணவை மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கடைவாயில் கொடுத்தோம். இந்தப் பிராணி ஒருநாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்றுவிடக்கூடும், ஆகவே பகல் மகள், மாலை அம்மா, விடியற்காலை நான். அன்றுதான் சமையலறைத் தராசு வாங்கினேன். தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியில், திதிக்கும் ராகுகாலத்துக்கும் பக்கத்தில், தினமும் ஓர் எண். 468. 474. 471. 483. ஜூனில் 520 தொட்ட அன்று அம்மா பாயாசம் வைத்தார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான். இடையில் இரண்டு தடவை அராவ வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் நாட்காட்டிதான் முதலில் சொன்னது, மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் நாலாம் நாள் வைத்தியர். 2022 ஓகஸ்டில் 438. வேர் தாடையைத் துளைத்துவிட்டது, இனி வலி தாங்கமாட்டான் என்றார்கள். அவனை வலியில்லாமல் உறங்கவைத்தோம். அந்த நாட்காட்டிகளை அம்மா தன் சேலைகளோடு அலுமாரியில் வைத்திருக்கிறார்.

இப்போது உங்கள் விடயம். கிராமுக்குக் கிராம் காட்டும் மின்தராசு ஒன்று வாங்குங்கள். மனிதர் ஏறும் தராசு உதவாது. ஆழமான ஒரு பெட்டியையோ அகன்ற பாத்திரத்தையோ தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். சின்சில்லா தண்ணீரில் அன்றி நுண்ணிய தூளில் புரண்டுதான் குளிக்கும்; அவன் தானாக உள்ளே ஏறும்படி அந்தத் தூள்குளியல் பாத்திரத்தையே பயன்படுத்தலாம், முகில் அதற்குள் பாய்ந்து விழுவான். நேரம் முக்கியம். காலையும் மாலையும் 10, 15 கிராம் வித்தியாசப்படும், ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில், உணவு வைப்பதற்கு முன். நலமாக இருக்கும்போது வாரத்துக்கு ஒரு நாள் போதும். சந்தேகம் வந்தால் தினமும். அவனுடைய வழக்கமான நிறையிலிருந்து நூற்றுக்கு ஐந்து குறைந்தால் கூர்ந்து பாருங்கள், பத்துக் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். 480இல் பத்து வீதம் 48 கிராம், ஒரு முட்டை அளவுகூட வராது. கைக்குத் தெரியவே தெரியாது, என் அம்மாவின் கைக்கு வேண்டுமானால் தெரியலாம்.

14 மாதத்தில் சிலது இன்னும் கொஞ்சம் வளரும். உங்களுடையது மெல்ல ஏறிக்கொண்டோ ஒரே இடத்தில் நின்றுகொண்டோ இருந்தால் பயமே இல்லை. எண்ணோடு கையையும் பயன்படுத்துங்கள்: மயிருக்குள் விரலை விட்டு விலாவையும் முதுகெலும்பையும் மெதுவாகத் தடவினால், எலும்பு இருப்பது தெரிய வேண்டும், அதன் மேல் மெல்லிய சதை மூடியிருக்கவும் வேண்டும். முதுகு கத்தி விளிம்பு போல இருந்தால் மெலிவு. விலாவே அகப்படாமல், அக்குளில் கொழுப்பு மடிப்பாகத் தொங்கினால் அதிகம். பெண் சின்சில்லா திடீரென்று ஏறினால் கருவுற்றிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைகளில் ஆண் பெண் மாற்றிச் சொல்லி இரண்டையும் சேர்த்து விற்பது நடக்கிறது.

தினமும் பிடித்து நிறுப்பது பிராணிக்கு அச்சம் தரும் என்று சிலர் கீழே எழுதுவார்கள், எனக்கு முன்பும் எழுதியிருக்கிறார்கள். முரட்டுத்தனமாகப் பிடித்தால் மயிரைக் கொத்தாக உதிர்த்துவிடும், அது உண்மை. ஆனால் தானாக ஏறும் பெட்டியில் என்ன அச்சம்? "ஒரு எலிக்கு இவ்வளவு செலவா, ஊரில் சனம் எவ்வளவு கஷ்டப்படுகிறது" என்று கேட்கும் உறவினர்களும் உண்டு. ஊருக்கு அனுப்ப வேண்டியதை நான் ஒரு மாதமும் நிறுத்தியதில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்த உயிரைப் பார்ப்பதும் கடமைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் சின்சில்லா சாப்பாட்டைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. எங்கள் அடுக்குமாடியில் சூடாக்கியை நிறுத்திக் குளிரூட்டியைத் திறப்பதற்கு ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். 2022 மே மாதம் வீட்டுக்குள் 28 பாகை. நிர்வாகத்துக்கு நாலு தடவை எழுதினேன். "தேதி தீர்மானிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரே பதில் நாலு தடவை வந்தது. முகிலுக்கு உறையவைத்த தண்ணீர்ப் போத்தலும் பளிங்குக் கல்லும் வைத்துச் சமாளித்தோம். ஆனால் எங்கள் மாடியில் 80 வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அவர் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காகவும் எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. வாடகை உயர்வுக் கடிதம் மட்டும் ஒரு நாளும் பிந்தாமல் கதவின் கீழே வந்துவிடுகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு குறைவு என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

திராட்சைக்கு வருகிறேன். சர்க்கரையும் எண்ணெயும் இந்தக் குடலுக்குப் பழக்கமில்லை. மலையில் காய்ந்த புல்லையும் செடியையும் தின்று வாழ்ந்த இனம். கடலை நிறையை ஏற்றலாம், ஆனால் கடலையில் வயிறு நிரம்பினால் புல்லைக் குறைவாகத் தின்னும், புல்லை மெல்லாவிட்டால் பல் தேயாது. பிறகு நீங்களும் சிரிஞ்சோடு உட்கார வேண்டிவரும். திமோத்தி என்ற வகைக் காய்ந்த புல் இரவும் பகலும் கூட்டில் இருக்கட்டும். பெல்லட் நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி. நிறத் துண்டும் சோளமும் கலந்த பைகளை வாங்காதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இந்த ஞாயிறு தொடங்கி நாலு வாரம் நிறை பார்த்து, எண்களை உங்கள் கேள்வியின் கீழேயே எழுதுங்கள். அவன் புல்லை எப்படிக் கடிக்கிறான் என்பதையும் எழுதுங்கள். வேலையால் வந்ததும் ஐந்து மணிக்கு நான் பார்ப்பேன். புழுக்கையைப் படம் எடுத்துப் போட்டீர்களானால் அம்மாவிடமும் காட்டுகிறேன்.