கேளுங்கள், சொல்கிறேன்: கண்ணாடிக்குள் சிக்கிய காற்று

கேள்வி: ஜன்னலுக்குப் போடும் 3 மி.மீ. கண்ணாடியில் 20 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டி, நடுவே செப்புத் தகட்டு மீன்களை வைத்து மின்சூளையில் உருக்கி ஒட்டுகிறேன். மணிக்கு 300 டிகிரி வேகத்தில் 820 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு குமிழி எழும்பிவிடுகிறது. கடைக்காரர் மட்டமான கண்ணாடியைத் தந்துவிட்டாரா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாவம், கடைக்காரரை விட்டுவிடுங்கள். குமிழிக்குள் இருப்பது நீங்களே உள்ளே வைத்து மூடிய காற்று. சூடேற்றும் சுருள் கம்பிகள் சூளையின் பக்கச் சுவர்களில் இருந்தால் கண்ணாடியின் ஓரம்தான் முதலில் இளகும். நீங்கள் ஏற்றும் வேகத்தில் நடுப்பகுதி படிவதற்குள் நான்கு ஓரமும் ஒட்டிக்கொள்கின்றன. மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து, இளகிய கண்ணாடியை மேலே தள்ளுகிறது.

600 டிகிரி வரை உங்கள் வழக்கப்படியே போங்கள். அங்கிருந்து 680 வரை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் வேண்டாம். 680-இல் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் மேல் கண்ணாடி தன் எடையால் மெல்லத் தொய்ந்து படியும்; ஓரங்கள் இன்னும் ஒட்டியிருக்காது. காற்று வெளியேற அந்த அரை மணி நேரம்தான் வாய்ப்பு. அதன்பின் 820-க்கு விரைவாக ஏற்றலாம். கன்ட்ரோலர் காட்டுவது சூளைக்குள் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி முனையின் சூடு, கண்ணாடியின் சூடு அன்று. அதனால் உங்கள் சூளைக்கு ஏற்றபடி பத்து இருபது டிகிரி கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குளிரவைக்கும் முறையில் மாற்றம் தேவையில்லை.

இனி மீன்களுக்கு வருவோம். தகடு தடிமனாக இருந்தால் அதைச் சுற்றி மேல் கண்ணாடி கூடாரம்போல நிற்கும்; அந்த இடைவெளி முழுக்கக் காற்றுதான். கையால் கசக்கினால் மடங்கும் அளவுக்கு மெல்லிய செப்புத்தாள் போதும். அதே கண்ணாடியை இடித்துப் பொடித்து, டீ வடிகட்டியால் அடிக்கண்ணாடி மேல் மெல்லியதாகத் தூவுங்கள். பொடியின் இடுக்குகள் வழியே காற்று நழுவிவிடும். நான்கு மூலைகளிலும் அரிசி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்து அதன்மேல் மூடினால் இன்னும் நல்லது. மூலைகள் தூக்கி நிற்க, நடுப்பகுதி முதலில் படிந்து காற்றை வெளியே தள்ளும். வேறு கண்ணாடியின் பொடியையோ சில்லையோ கலக்காதீர்கள். சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாமல் விரிசல் விடும். மீன் நகராமலிருக்கப் பசை வைத்தால் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், அது எரிந்து புகையாகும்.

செம்பை ஒட்டிக் கடுகளவுக் குமிழிகள் எப்படியும் வரும். மீனைச் சுற்றித்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடியைக் கவிழ்த்தால் அடியில் குழி தெரிகிறதா? தெரிந்தால் காற்று கீழிருந்து வந்திருக்கிறது. சூளைத் தட்டின் மேல் எஃகு அளவுகோலை நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் தட்டு பள்ளம். கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் தடவும் பூச்சில் ஈரம் மிச்சமிருந்தாலும் இதே கதைதான். கண்ணாடி வைப்பதற்கு முன் வெறும் தட்டை 260 டிகிரியில் இருபது நிமிடம் காயவிடுங்கள். தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடு தாங்கும் செராமிக் ஃபைபர் தாள் விரித்தால் அடிக்காற்று அதன் வழியே போய்விடும்.

கேள்வி: குமிழி வந்த துண்டுகளை என்ன செய்வது? - அதே வாசகி

பதில்: குமிழியை வைர முனைத் துளைப்பானால் தண்ணீர் ஊற்றியபடி திறந்து, கண்ணாடிக் குருணை நிரப்பி மறுபடி சுடலாம். ஆனால் ஜன்னல் கண்ணாடி மறுசூட்டில் மேல்பரப்பு மங்கிப் பால் படிந்ததுபோல ஆகிவிடும். நானாக இருந்தால் செம்பில்லாத ஓரங்களை வெட்டியெடுத்து, தூவுவதற்குப் பொடியாக்கிக்கொள்வேன். இடிக்கும்போதும் சலிக்கும்போதும் என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். துணி முகமூடி போதாது.